ஐவருக்கும் காலம் கொடுங்கள்: கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

டென்வர்,
2025 ஜனவரி முதல் வாரம்.

கொலராடோ பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தலைமைப் பயிற்சியாளர் திரு. டியான் சாண்டர்ஸ் அவர்களுக்கும், பஃபலோஸ் அணியின் பயிற்சிக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

டிசம்பர் 28 அன்று சான் அன்டோனியோவில் நடந்த அலமோ போல் ஆட்டத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்திடம் 36-14 என்று தோற்றதோடு நம் அணியின் 2024 பருவம் நிறைவுற்றது. ஒன்பது வெற்றிகள், நான்கு தோல்விகள். 2022இல் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் வென்ற அணியை இரண்டே ஆண்டுகளில் இந்த இடத்துக்குக் கொண்டுவந்ததற்காக உங்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், மனதாரச் சொல்கிறேன். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை நம் டிராவிஸ் ஹண்டர் பெற்ற இரவில் எங்கள் வீட்டில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் இந்த மடல் அவரைப் பற்றியது அன்று. பந்தைப் பிடிக்கவோ பந்தோடு ஓடவோ ஒரு வாய்ப்பும் இல்லாமல், ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுபது எழுபது முறை எதிராளியின் உடலோடு மோதிவிட்டு, தவறு நடந்தால் மட்டுமே பெயர் சொல்லி அழைக்கப்படுகிற ஐந்து இளைஞர்களைப் பற்றியது. பந்தை எறிபவரைக் காத்து, பந்தோடு ஓடுபவருக்கு வழி வெட்டும் முன்வரிசையான நம் அணியின் ஆஃபென்ஸிவ் லைனைப் பற்றியது.

இதன் ஆங்கிலப் படியைத் தங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், டென்வர், அரோரா, பிரூம்ஃபீல்டு பகுதிகளில் வாழ்ந்துகொண்டு சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு நம் அணியின் ஃபோல்சம் திடலுக்கு வருகிற எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கீழே விழும்போதெல்லாம் படிகளிலிருந்து எழுகிற வசைக் கூச்சலில் எங்கள் குரலும் கலந்திருக்கிறது. ஆகவே இதில் உங்களிடம் சொல்வதை எங்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு இதில் என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் பயிற்சியாளன் அல்லன். என் மகன் இங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி அணியில் மூன்று பருவங்கள் லைனில் இடது கார்டாக ஆடினான், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரவுகளில் அவன் முன்கைகளில் இருந்த சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டவன் என்ற முறையிலும், மறுநாள் காலையில் அவனோடு உட்கார்ந்து ஆட்டப் பதிவை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தவன் என்ற முறையிலும் லைன் என்பதன் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு நானும் எல்லோரையும் போலப் பந்து போகும் திசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்களிலிருந்து தொடங்குகிறேன். பந்தை எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துவதைத்தான் சாக் என்கிறோம். 2023 பருவத்தில் நம் குவாட்டர்பேக்கும் பயிற்சியாளரின் மகனுமான ஷெடூர் சாண்டர்ஸ் 52 முறை அப்படி வீழ்த்தப்பட்டார். ஓரிகன் ஆட்டத்தில் மட்டும் ஏழு முறை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ரோஸ் போல் திடலில் யூசிஎல்ஏவுக்கு எதிராக மீண்டும் ஏழு முறை. அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்தை முதுகெலும்பு முறிவோடு அவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. 2024இல் மேலும் 42 முறை. இரண்டு ஆண்டுகளில் 94 முறை ஓர் இளைஞன் தரையில் சாய்க்கப்பட்டிருக்கிறான். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதில் 2023இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 68.9 யார்டு, 2024இல் 65.2 யார்டு, இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் முதல்நிலைப் பிரிவு அணிகள் அத்தனையிலும் நாம்தான் கடைசி. கல்லூரி ஆட்டத்தில் சாக்கினால் இழக்கும் தூரத்தையும் ஓட்டக் கணக்கிலேயே கழிக்கிறார்கள் என்பதால் இந்த எண்கள் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே மோசமாகத் தெரியும். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், தேவைப்படும் நேரத்தில் மூன்று யார்டு முன்னே தள்ளிக்கொண்டு போக நம் லைனால் முடியவில்லை என்பதை ஃபோல்சம் படிகளில் உட்கார்ந்த எவரும் கண்ணால் கண்டிருக்கிறோம்.

அதன் விலை என்ன என்பதற்கு ஒரு ஆட்டம் போதும். 2023 அக்டோபர் 13 இரவு ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் நாம் 29-0 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 46-43 என்று தோற்றோம். பாதுகாப்புப் பிரிவின் தவறுகளைப் பலரும் எழுதினார்கள். நான் நினைப்பது வேறு. இருபத்தொன்பது புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி இரண்டாம் பாதியில் செய்ய வேண்டியது பந்தைத் தரையோடு ஓட்டி, கடிகாரத்தைக் கரைத்து, எதிரணியின் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. அதற்குத் தேவையான லைன் நம்மிடம் இல்லை. எறிந்தே ஆக வேண்டிய அணியாக இருந்தோம். எறிந்த பந்து கீழே விழும்போதெல்லாம் கடிகாரம் நின்றது.

இந்த லைன் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பதற்கு, அதில் நிற்பவர்கள் திறமையற்றவர்கள் என்ற விடையைத்தான் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். அந்த விடை தவறு என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அவர்களில் பலர் தாங்கள் முன்பு ஆடிய கல்லூரிகளில் நன்றாக ஆடியவர்கள். அவர்களுக்கு இல்லாதது சேர்ந்து நின்ற காலம்.

நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். பந்து அசைவதற்கு முன்பு இருக்கும் சில விநாடிகளில் சென்டர் எதிரணியின் நிற்கும் முறையைப் படித்து, யார் பாய்ந்து வரக்கூடும் என்று ஊகித்து, கையால் சுட்டிக் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலை வைத்து மற்ற நால்வரும் எந்தப் பக்கம் நகர்வது, யாரை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். எதிரணி ரசிகர்களின் இரைச்சலில் குரல் கேட்காத திடல்களில், கார்டு திரும்பிக் குவாட்டர்பேக்கைப் பார்த்துவிட்டுச் சென்டரின் தொடையில் தட்டுகிறார். அந்தத் தட்டலிலிருந்து எத்தனை நொடியில் பந்து கிளம்பும் என்பதை ஐவரும் உடலால் அறிந்திருக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் எதிராளி தோளைக் கடந்துவிடுவான். முந்தினால் ஐந்து யார்டு தண்டனை.

இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. எதிரணியின் முன்வரிசைக்காரர்கள் இருவர் நேரே வராமல், ஒருவர் உள்ளே வெட்ட, இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி வருவார்கள். ஸ்டண்ட் என்று பெயர். அப்போது நம் கார்டும் டேக்கிளும் தங்கள் ஆளைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. என் ஆளை உன்னிடம் விடுகிறேன், உன் ஆளை நான் எடுக்கிறேன் என்று கண நேரத்தில் கைமாற்றிக்கொள்ள வேண்டும். பேசிக்கொள்ள நேரம் கிடையாது. இடுப்பும் தோளும் உரசும் தூரத்தில் நின்று, பக்கத்து ஆளின் உடல் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதை உணர்ந்து செய்வது அது. என் மகனும் அவன் பக்கத்தில் நின்ற டேக்கிளும் இதை ஒழுங்காகச் செய்ய ஒரு முழுப் பருவம் ஆனது. பள்ளி நிலையிலேயே அவ்வளவு காலம்.

கபடி பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. பாடி வருபவனைப் பிடிக்கக் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிற இருவரில் ஒருவர் பாய்ந்து மற்றவர் தயங்கினால், எவ்வளவு பலசாலிகளாக இருந்தாலும் வந்தவன் கோட்டைத் தொட்டுவிடுவான். ஊரில் நல்ல பிடிகாரர்கள் என்று பெயர் வாங்கிய ஜோடிகள் பெரும்பாலும் சின்ன வயதிலிருந்தே ஒரே மண்ணில் ஆடியவர்கள். லைனுக்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான்.

பயிற்சியாளர் சாண்டர்ஸ் அவர்களே, இந்த இடத்தில் உங்களிடம் மிகுந்த மரியாதையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் ஆடிய கார்னர்பேக் இடம் தனி ஆளின் இடம். எதிரணியின் மிகச் சிறந்த பந்துபிடிப்பாளரை உங்களிடம் விட்டுவிட்டு மற்றப் பத்துப் பேரும் வேறு வேலை பார்க்கலாம் என்னும் அளவுக்கு நீங்கள் ஆடினீர்கள். ஹால் ஆஃப் ஃபேம் அதற்குச் சான்று. அந்த இடத்துக்கு ஒரு சிறந்த ஆளைக் கொண்டுவந்தால் மறுநாளே பிரச்சினை தீர்ந்துவிடும். டிராவிஸ் ஹண்டரைக் கொண்டுவந்தீர்கள், தீர்ந்தது. லைன் அப்படிப்பட்டது இல்லை. அதற்கு நம் அணியிலேயே கண்முன் சான்று இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த மதிப்பீடு பெற்ற பள்ளி டேக்கிள்களில் ஒருவரான ஜோர்டன் சீட்டன் 2024இல் முதலாண்டு மாணவராகவே இடது டேக்கிளாக இறங்கினார். வந்த நாளிலிருந்தே அவர் ஆட்டம் வியப்பாக இருந்தது. அவர் நின்ற மூலை பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆனாலும் பந்தோடு ஓடிய கணக்கில் அணி முந்தைய ஆண்டைவிடக் கீழேதான் போயிற்று. அவரைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டுதான் வேறு வேறு கல்லூரிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

2023 கதையும் அதுதான். நீங்கள் பொறுப்பேற்ற பிறகு, 2022 அணியில் உதவித்தொகை பெற்றவர்களில் பத்துப் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். அணியில் எண்பதுக்கும் மேற்பட்டோர் புதியவர்கள். பந்துபிடிப்பாளர்களும் கார்னர்பேக்குகளும் ஆகஸ்டில் அறிமுகமாகி செப்டம்பரில் ஆடலாம். டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தை 45-42 என்று வென்ற அந்த முதல் ஆட்டத்தில் அப்படித்தான் ஆடினார்கள். நாடே நிமிர்ந்து பார்த்தது. லைன் மட்டும் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, நவம்பரில் ஓரிகன் ஸ்டேட் ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு முறையும் எந்தத் திட்டப்படி ஆடுவது என்று அழைக்கும் பொறுப்பு ஷான் லூயிஸிடமிருந்து பேட் ஷர்மரிடம் மாற்றப்பட்டது. அப்படி அழைப்பவர் மாறினால் பாதுகாக்கும் முறைகளின் பெயர்களும் அழுத்தமும் மாறும். அந்த மாற்றத்தின் சுமை முதலில் விழுவது லைன்மேன்களின் தலையில்தான். பருவம் முடிந்ததும் லைன் பயிற்சியாளரும் மாறினார். 2024இல் ஃபில் லோட்ஹோல்ட் வந்தார். ஓக்லஹோமாவிலும் பிறகு தொழில்முறை அணியான மினசோட்டா வைக்கிங்ஸிலும் டேக்கிளாக நின்றவர், கைகளை எங்கே வைப்பது என்பதைத் தன் உடலால் அறிந்தவர். அவருக்குக் கிடைத்ததும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்த்த ஐவர்தான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 94 சாக்குகளும் லைனின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை அல்ல. ஷெடூர் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருப்பவர். இன்னும் ஒரு நொடி பொறுத்தால் யாராவது திறந்து நிற்பார் என்ற நம்பிக்கையோடு பின்னே பின்னே நகர்கிறவர். 2024இல் எறிந்ததில் நூற்றுக்கு 74 பந்துகளைச் சேர்த்ததற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம். லைன்மேனுக்கோ குவாட்டர்பேக் எந்த இடத்தில் நிற்பார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏழு யார்டு பின்னால் நிற்பவரைக் காப்பதற்கு ஒரு கோணம். பத்து யார்டு பின்னால் போய்விட்டவரைக் காப்பதற்கு வேறு கோணம். அதோடு, ஓடவே மாட்டார்கள் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் அவர்கள் தயக்கமின்றி நேரே பாய்கிறார்கள். இவையெல்லாம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அணியின் திட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு. அவற்றுக்குப் பத்தொன்பது இருபது வயது மாணவர்கள் மட்டும் பழி ஏற்பது சரியில்லை.

பழி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். 2023 அக்டோபர் 28 அன்று யூசிஎல்ஏவிடம் 28-16 என்று தோற்ற பிறகு, செய்தியாளர்களிடம் பேசும்போது, நீண்டகாலத் தீர்வு புதிய லைன்மேன்களைக் கொண்டுவருவதுதான் என்ற பொருளில் நீங்கள் சொன்னீர்கள். அன்று அந்த லைனில் ஆடியவர்கள் உடை மாற்றும் அறையில் இன்னும் உடைகூட மாற்றியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இன்னும் நான்கு ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. தங்களுக்குப் பதிலாக வேறொருவர் வருவார் என்று உலகத்துக்கே அறிவிக்கப்பட்ட பிறகு, அதை அறிவித்த உங்கள் மகனுக்காக, அதே உடலை மறுவாரமும் முன்னே நிறுத்தினார்கள் அந்த இளைஞர்கள். அந்த நான்கு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. ஆனால் அவர்களில் ஒருவரும் செய்தியாளர் முன் வந்து எதிர்ச்சொல் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

என் மகனின் பள்ளி அணியில் ஒரு முறை, தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பயிற்சியாளர் பெற்றோர்கள் எல்லோரும் கேட்கும்படி, லைனில் உருப்படியான ஆள் ஒருவனும் இல்லை என்றார். மகன் காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, விரல்களில் சுற்றியிருந்த டேப்பை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அடுத்த வாரம் அவன் முழு மூச்சாக ஆடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் பக்கத்தில் நின்றவனை நம்பி ஆளைக் கைமாற்றுவதை விட்டுவிட்டு, தன் மேல் தவறு வராமல் தன் ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான் என்பதை ஆட்டப் பதிவில் பார்த்தேன். பழிக்கு அஞ்சும் லைன்மேன் தன்னைக் காத்துக்கொள்வான். இருவருக்கு இடையில் இருக்கும் வெளி யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். எதிராளி வருவது அந்த வெளி வழியாகத்தான். இந்தக் காரணத்தால்தான், 2023 லைன்மேன்களின் பெயர்களை இந்த மடலில் நான் ஒன்றுகூட எழுதவில்லை.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. சென்ற மாதம்தான் நாட்டின் சிறந்த ஆஃபென்ஸிவ் லைனுக்கான ஜோ மூர் விருது ஆர்மி அணிக்குக் கொடுக்கப்பட்டது. தனி ஒருவருக்கு அல்லாமல் லைன் முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் விருது அது. ஆர்மி என்பது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் அணி; அதற்கு, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஆள் எடுக்கும் வசதி அநேகமாக இல்லை. ஐந்து நட்சத்திரம் பெற்ற பள்ளி வீரர்கள் அங்கே போவதும் இல்லை. நம் ஆட்களைவிட எடை குறைந்த இளைஞர்கள், ஒரே தங்குமிடத்தில் ஒரே ஒழுங்கில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருந்து, ஆட்டத்துக்குச் சுமார் 300 யார்டு பந்தோடு ஓடும் அணிக்கு வழி வெட்டினார்கள். அவர்களுடைய ஆட்டமுறை வேறு, நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அறிவேன். ஆனால் திறமையை விலைக்கு வாங்க முடியாத ஒரு கல்லூரி எதை வைத்து அந்த விருதை வென்றது என்பது நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

போர்ட்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே விருதை வென்ற மிஷிகன் அணியின் சென்டராக 2022இல் நின்ற ஒலுசெகுன் ஒலுவாடிமி, வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்தான். வந்த ஆண்டிலேயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதையும் சிறந்த உள்வரிசை லைன்மேனுக்கான அவுட்லேண்டு விருதையும் பெற்றார். அவருக்கு இருபுறமும் நின்ற கார்டுகள் ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். வெளியிலிருந்து வந்த ஒருவரை உள்ளே இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். 2023 நவம்பரில் பென் ஸ்டேட் திடலில் தொடர்ந்து 32 முறை பந்தோடு ஓடியே மிஷிகன் வென்றதே, அதற்கு இரு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வலது கார்டு ஸாக் ஸின்ட்டரின் கால் எலும்பு முறிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வலது டேக்கிள் உள்ளே நகர்ந்து கார்டாக நின்றார். வெளியே காத்திருந்த டிரெண்டே ஜோன்ஸ் டேக்கிளாக வந்தார். அடுத்த முயற்சியிலேயே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து டச்டவுன் அடித்தார். ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் அதே மொழியைப் பேசுகிறவர்களாக வளர்க்கப்பட்டிருந்தால்தான் அப்படி நடக்கும். ஐந்து புதியவர்களை ஒரே கோடையில் கொண்டுவந்து நிறுத்தும் அணியில் ஆறாவது ஆள் என்பவர் இன்னும் ஒரு அந்நியர்.

மிஷிகன் வரை போக வேண்டியதும் இல்லை. நம் கல்லூரியின் வரலாற்றிலேயே இது இருக்கிறது. நேட் சோல்டர் கொலராடோவின் மலைச் சிற்றூரான பியூனா விஸ்டாவிலிருந்து லைனின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கும் டைட் எண்டாகத்தான் நம் பல்கலைக்கழகம் இருக்கும் போல்டருக்கு வந்தார். முதலாண்டு ஆடவில்லை. பிறகு ஒரு பருவம் டைட் எண்டாகவே ஆடினார். அதன் பிறகே இடது டேக்கிளாக மாற்றப்பட்டு, மூன்று ஆண்டுகள் அந்த இடத்தில் நின்று, நாட்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில் ஆல் அமெரிக்கன் ஆகி, 2011இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் சுற்றில் பதினேழாவது ஆளாக நியூ இங்கிலாந்துக்குப் போனார். அவருடைய கடைசி ஆண்டில் மறு ஓரத்தில் நின்றவர், ஓராண்டு வெளியே உட்கார்ந்து காத்திருந்த டேவிட் பக்தியாரி; பிற்காலத்தில் கிரீன் பே தொழில்முறை அணியில் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் கண்படாத பக்கத்தைக் காத்தவர். அந்த ஆண்டுகளில் அணி அதிகம் வெல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் உள்ளூர்ப் பையன் ஒருவனை வாங்கி, பொறுத்து, எடை ஏற்றி, இடம் மாற்றி, லைன்மேனாக வளர்த்தெடுக்கும் அறிவு போல்டரில் இருந்தது என்பதும் உண்மை. வென்ற ஆண்டுகளும் உண்டு: 1994இல் ரஷான் சலாம் 2,055 யார்டு ஓடி ஹைஸ்மன் வென்றதும், 2001 நவம்பரில் தோல்வியே காணாமல் வந்த நெப்ராஸ்காவை 62-36 என்று சாய்த்தபோது கிறிஸ் பிரவுன் ஒருவரே ஆறு டச்டவுன் அடித்ததும் இதே ஃபோல்சம் திடலோடுதான் நம் நினைவில் நிற்கின்றன. அந்த ஓட்டங்களுக்கு வழி வெட்டியவர்கள் ஒரு கோடையில் கூட்டிச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து நாம் எடுக்கும் லைன்மேன்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. ஒவ்வொரு ஆண்டும் மூன்று நான்கு பேரையாவது எடுங்கள், அவர்களை முதலாண்டிலேயே களத்தில் இறக்காமல் ரெட்ஷர்ட்டாக உட்காரவைத்து வளருங்கள். சீட்டன் விதிவிலக்கு, அவரை வைத்து மற்றவர்களை அளக்க வேண்டாம். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்று சென்ற ஏப்ரலில் விதி தளர்த்தப்பட்ட பிறகு, காத்திருக்கும் பையனைத் தக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும். அதனால்தான் பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். பெயரையும் உருவத்தையும் வைத்து வீரர்கள் ஈட்டும் வருவாயில் இரண்டாம் வரிசைக் கார்டுக்குப் பங்கு வருமாறு ஏற்பாடு செய்ய உங்களாலும் நன்கொடையாளர்களாலும் முடியும். புதிய ஒருவரை வாங்கும் விலையைவிட, இரண்டு ஆண்டு இங்கேயே கற்றவனைத் தக்கவைக்கும் விலை குறைவாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

லைன் பயிற்சியாளரை மாற்றாதீர்கள். ஒரே குரல் மூன்று பருவங்கள் ஒலிக்கட்டும். வசந்த காலத்தில் விதிப்படி கிடைப்பது 15 பயிற்சி நாட்கள் மட்டுமே; பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அந்த 15 நாட்களில் ஐவரை இடம் மாற்றி மாற்றிப் பரிசோதிப்பதை முதல் சில நாட்களோடு முடித்துவிட்டு, மிச்ச நாட்களில் அதே ஐவர் அதே இடங்களில் நிற்கும்படி விடுங்கள். வரும் 2025 ஏப்ரலில் போர்ட்டல் மறுபடி திறக்கும்போது ஒரு நல்ல பெயர் கிடைத்தால்கூட, அவர் யாருடைய பக்கத்தில் நின்று பழகியிருக்கிறார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். பந்தோடு ஓடும் ஆட்டத்தை மூன்றாம் நாளே கைவிட்டுவிடாதீர்கள்; இரண்டு யார்டு மட்டுமே கிடைத்தாலும் மறுபடி ஓடுங்கள். முன்னே பாய்ந்து தள்ளுவதில்தான் லைன்மேன் தன் பக்கத்துக்காரனை அறிந்துகொள்கிறான் என்பதை என் மகன் அடிக்கடி சொல்லுவான். தோற்ற நாளில் லைனைப் பற்றிக் கேள்வி வந்தால், அந்த ஐவரும் அன்று என்ன சரியாகச் செய்தார்கள் என்பதை ஒரு வாக்கியமாவது சொல்லுங்கள்.

படிகளில் உட்காரும் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாம் முயற்சியில், வேண்டிய இரண்டு யார்டு கிடைத்து மறுபடி முதல் டவுன் ஆகும்போது, ஓடியவனின் எண்ணைக் கத்துவதோடு அவனுக்கு முன்னால் விழுந்து கிடக்கும் கார்டின் எண்ணையும் கத்துவோம். எங்கள் பிள்ளைகளுக்கு ஐம்பதிலிருந்து எழுபத்தொன்பது வரை இருக்கும் அந்தச் சட்டை எண்களில் ஒன்றையாவது மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். என் பக்கத்து இருக்கைக் குடும்பங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஷெடூர் இனி இங்கே இல்லை. லிபர்ட்டியிலிருந்து கெய்டன் சால்டர் வருகிறார். பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்த ஜூலியன் லூயிஸ் வருகிறார். வரும் கோடையின் இறுதியில், 1990இன் தேசிய முதலிடத்தை நம்மோடு பங்கிட்டுக்கொண்ட ஜார்ஜியா டெக் ஃபோல்சமுக்கு வருகிறது. அன்று சென்டர் பந்தைப் பின்னே கொடுக்கும் முதல் ஸ்னாப்பில் அந்த இரு குவாட்டர்பேக்குகளில் யார் பின்னால் நின்றாலும், அவருக்கு முன்னால் குனிந்திருக்கும் ஐவரும் மார்ச் மாதத்திலிருந்தே தோளோடு தோள் உரசி நின்றவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஃபோல்சம் திடலின் பருவச் சீட்டுக்காரர் ஒருவர்,
ஒரு லைன்மேனின் தந்தை.